முன்கூட்டியே போட்ட கையெழுத்து

ராமநாதபுரம்
2.2.2025

அன்பு மச்சான் பாக்கருக்கு,

முனியசாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் முத்தழகும் மகன் வினோத்தும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் தங்கச்சி ஹமீதா பானுவும் மகள் மின்ஹாவும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

இன்லண்ட் லெட்டர் வாங்கப் போஸ்டாபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாருக்குண்ணே, ஜெயில்ல இருக்கவுகளுக்கா?" என்று கேட்டது. போனை எடுக்காத ஆளுக்கு என்றேன். நவம்பரிலிருந்து உன் நம்பர் அணைந்தே கிடக்கிறது. கடன்காரர்கள் தொல்லை தாங்காமல் அணைத்துவிட்டாய் என்று ஊரில் சொன்னார்கள். எனக்கும் சேர்த்தா அணைத்தாய் என்பதுதான் என் வருத்தம்.

பொங்கல் முடிந்து உன் வீட்டுக்கு வந்திருந்தேன். தங்கச்சி வாசலிலேயே நின்று, "அவுக தூத்துக்குடி போயிருக்காகண்ணே, வர ரெண்டு நாளாகும்" என்றது. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் உன் செருப்பு கிடந்தது. இடது வார் அறுந்து வெள்ளை நூலில் தைத்தது. அது உன்னுடையது என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று தங்கச்சிக்கும் தெரியும். உள்ளே கூப்பிட்டு இஞ்சி டீ கொடுத்தது. குடித்தேன். மின்ஹா படிப்பைப் பற்றி விசாரித்தேன். கேட்க வந்ததைக் கேட்காமலே பஸ் ஏறிவிட்டேன். ஒளிந்தது நீ. வெட்கப்பட்டது நான். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

திரும்பும் வழியெல்லாம் சவூதியில் நாம் இருந்த தம்மாம் ஞாபகம்தான். ஊரில் உள்ள ஏசியை எல்லாம் பழுது பார்க்கும் ஆறு மெக்கானிக்குகள் ஏசி ஓடாத அறையில் படுத்துக் கிடந்தோமே, அதைச் சொன்னால் வினோத் நம்ப மாட்டேன் என்கிறான். ஒரு வெள்ளிக்கிழமை நீ எங்கிருந்தோ மிச்சக் கேஸ் சிலிண்டர் ஒன்றைத் துணிமூட்டைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தாய். நாம் இரண்டு பேருமாகச் சேர்ந்து அறை ஏசியில் ஏற்றினோம். காற்று ஜில்லென்று வந்ததும் ஆறு பேரும் போர்த்திக்கொண்டு பகல் பன்னிரண்டு மணிக்குத் தூங்கினோம். அந்த மாதிரித் தூக்கம் அதற்கப்புறம் எனக்கு வந்ததே இல்லை, மச்சான்.

விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஆகஸ்டில் உன் நண்டுக் கம்பெனிக் குளிரறைக்குப் புது கம்ப்ரசர் மாட்டிக் கொடுத்தேன். பதினோரு நாள் அங்கேயே கிடந்து வேலை பார்த்தேன். பில் நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். கம்ப்ரசரை மதுரைக் கடையில் என் பேரில் கடனாக எடுத்தேன். பில் போட்டதால் அதற்கான ஜிஎஸ்டியையும் கையிலிருந்து கட்டினேன். வராத காசுக்கு வரி கட்டியவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். இரண்டரை வருஷம் ஆகிவிட்டது. மதுரைக் கடைக்காரர் முன்னெல்லாம் போனில் 'சௌக்கியமா' என்று ஆரம்பிப்பார். இப்போது ஆரம்பிப்பதே இல்லை, நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறார்.

முழுசாக முடியாவிட்டால் பாதியாவது கொடு. அதுவும் முடியாவிட்டால் முடியவில்லை என்று ஒரு வரி எழுது. ஒளியாதே.

என்றும் உன்
முனியசாமி


பெரியபட்டினம்
19.2.2025

பாசமுள்ள மாப்ளை முனியசாமிக்கு,

பாக்கர் சலாம் சொல்லி எழுதுவது. இறைவன் கிருபையால் இருக்கிறேன். சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். இந்த வருஷம் பொய்யைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

நீ வந்தபோது அடுப்படிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நீ டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நாலு எட்டு வைத்தால் உன் முன்னால் வந்திருப்பேன். வைக்கவில்லை. நீ போன மறுநாள் ஹமீதா அந்தச் செருப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டாள். இப்போது புதுச் செருப்பு போட்டிருக்கிறேன், காலைக் கடிக்கிறது.

என் நிலைமையைச் சொல்கிறேன். தூத்துக்குடியில் நம் நண்டுச் சதையை வாங்கி ஏற்றுமதி செய்தவர், ஏழு மாதச் சரக்கை எடுத்துக்கொண்டு பணம் தரவில்லை. நானும் உன்னைப் போல ஒருத்தர் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அங்கே டீகூடக் கிடையாது. போன வருஷத்தோடு கம்பெனியைப் பூட்டிவிட்டேன். நண்டு உடைத்துக்கொண்டிருந்த இருபது பெண்களும் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். என் தம்பி சதக் மஸ்கட்டில் சம்பாதித்ததை எல்லாம் இதில்தான் போட்டிருந்தான். அவன் ஊருக்கு வந்து இப்போது கணக்குப் பைல்களை எல்லாம் அவனே எடுத்து வைத்துக்கொண்டான். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதனால் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

கடிதம் எழுதி எத்தனை காலமாகிவிட்டது. உன் கோணல் எழுத்தைத் தபாலில் பார்த்ததும் சிரித்துவிட்டேன். கல்யாணம் நிச்சயமான வருஷத்தில் முத்தழகுக்கு நீ அனுப்பிய கடிதங்களை எழுதியது யார் என்று இப்போதாவது சொன்னாயா? 'உன் நினைவில் உப்பும் இனிக்கிறது' என்று நான் எழுதிக் கொடுத்ததற்கு, அந்தப் பிள்ளை 'உடம்புக்கு என்ன, டாக்டரிடம் காட்டவும்' என்று பதில் போட்டதே. அறையே உருண்டு சிரித்தது. அப்போது நம் எல்லோருக்கும் ஊரில் கடன் இருந்தது. ஆனாலும் சிரித்தோம். எப்படிச் சிரித்தோம் என்றுதான் இப்போது யோசனையாக இருக்கிறது.

நோன்புப் பெருநாள் கழியட்டும். தூத்துக்குடிக்காரர் ஒரு தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் முதல் பாதி உனக்கு. இது என் வாக்கு.

அன்புடன்
பாக்கர்


ராமநாதபுரம்
28.4.2025

அன்பு மச்சானுக்கு,

பெருநாள் வாழ்த்து. கொஞ்சம் பிந்திவிட்டது, ஆனால் உன் வாக்கு அளவுக்குப் பிந்தவில்லை.

முத்தழகிடம் சொல்லிவிட்டேன். உப்பு இனித்த கடிதம் உன்னுடையது என்று அவளுக்குக் கல்யாணத்தன்றே தெரியுமாம். "இவுகளுக்கு அப்படியெல்லாம் வராதுன்னு பாத்தவொடனே தெரிஞ்சுபோச்சு" என்றாள். இருபத்தாறு வருஷம் அதை மனதில் வைத்திருந்து இப்போது சொல்கிறாள்.

மச்சான், மதுரைக்காரர் நேரில் வந்துவிட்டார். செப்டம்பர் முடிவதற்குள் கட்டாவிட்டால் என் கடையில் இருக்கிற கருவிகளையும் வண்டியையும் எடுத்துக்கொள்வதாக எழுதி வாங்கிப் போயிருக்கிறார். கருவி போனால் நான் மெக்கானிக் இல்லை. ஐம்பத்தேழு வயதில் யார் கடையில் போய் வேலை கேட்பேன்? அவரைக் குறை சொல்லவில்லை. அவர் காசு, அவர் கேட்கிறார்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். வினோத்தோடு படித்த உமாமகேஸ்வரி இங்கே கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறது. அதனிடம் போனேன். வராத காசை வசூல் செய்ய இந்த நாட்டில் எத்தனை வழி இருக்கிறது தெரியுமா? எனக்குத் தெரியாது. சிறுதொழில்காரர்கள் புகார் கொடுக்க சமாதான் என்று ஓர் இணையதளமே இருக்கிறதாம். ஆனால் உத்யம் என்கிற சிறுதொழில் பதிவை வேலைக்கு முன்பே செய்திருக்க வேண்டுமாம், நான் செய்தது அதற்கப்புறம். அந்த வாசல் அடைத்துவிட்டது. செக் வாங்கியிருந்தால் வேறு வழி. உன்னிடம் நான் என்றைக்குச் செக் வாங்கினேன்? சிவில் கேஸ் போடலாம். அல்லது செலவில்லாமல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி முடிக்கலாம். எதுவானாலும் வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் செய்ய வேண்டும். வருகிற ஆகஸ்டு இருபத்திரண்டாம் தேதி கடைசி. அதற்குள் நீ கைப்பட எழுதி ஒப்புக்கொண்டால் கெடு புதிதாக ஆரம்பிக்குமாம்.

பில்லைக் காட்டினேன். நல்லது என்றது. அப்புறம், உனக்கு நான் கொடுத்த ரசீதைப் பற்றிச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டது. "என்னங்கய்யா, காசு வாங்காமலா வாங்கிட்டேன்னு எழுதிக் குடுத்தீக?" என்று கேட்டது.

பணம் கொடுத்த ரசீதைக் காட்டினால்தான் கம்ப்ரசருக்கு நீ கேட்ட கடன் தொகையை உன் கணக்கில் போடுவோம் என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள், அதனால் கொடுத்தேன் என்றேன். அது போதாதாம். அந்தப் பிள்ளைக்கு நம் அறை வழக்கத்தை எப்படிச் சொல்வது? மாதக் கடைசியில் சாப்பாட்டுக் கணக்கு நோட்டில் ஆறு பேரும் 'கொடுத்தாச்சு' என்று கையெழுத்துப் போடுவோம். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு தேதியில் சம்பளம் போடும். வந்தவன் வந்த அன்றைக்கு அரிசி டின்னுக்கு அடியில் பணத்தை வைத்துவிடுவான். கையெழுத்து முதலில், காசு அப்புறம். ஏழு வருஷத்தில் ஒரு ரியால் குறையவில்லை. உனக்கு ரசீது எழுதும்போது என் கை அந்த நோட்டில்தான் எழுதியது.

கேட்டுவிட்டு உமாமகேஸ்வரி, "அது ரூமுங்கய்யா, இது கோர்ட்டு" என்றது. சரிதானே.

வக்கீல் நோட்டீஸ் ஒன்று உனக்கு வரும். அனுப்பிவிட்டுத்தான் அடுத்த படி எடுப்பது வழக்கமாம். பதறாதே. பணம் வரவில்லை, ரசீது பேங்குக்காகக் கொடுத்தது, இவ்வளவுதான் அதில் இருக்கும். அது உண்மை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம்.

உன்
முனியசாமி


பெரியபட்டினம்
21.5.2025

மாப்ளை முனியசாமிக்கு,

நோட்டீஸ் வந்தது. ஹமீதாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். பதிவுத் தபால் என்றதும் மின்ஹாவின் காலேஜிலிருந்து வந்திருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷமாகப் பிரித்தாள்.

நீ முன்கூட்டியே சொல்லியிருந்தாய். இருந்தாலும் அச்சடித்த தாளில் என் பேரையும் உன் பேரையும் எதிரெதிராகப் பார்த்தபோது மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. நாற்பது வருஷமாக நம் பேர் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. ஐடிஐ வருகைப் பதிவேட்டில்கூட பாக்கர், முனியசாமி என்று நடுவில் நாலு பேர்தான் இருப்பான்கள்.

சதக் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் வக்கீலை வைத்துப் பதில் போடுகிறானாம். மீன்பிடித் தடைக்காலம், கடலில் யாரும் இல்லை. எங்கள் கடற்கரையில் படகுகள் எல்லாம் ஏற்றிக் கிடக்கின்றன. எனக்கும் எழுத வேறொன்றும் இல்லை.

பாக்கர்


ராமநாதபுரம்
30.6.2025

திரு. பாக்கர் அவர்களுக்கு,

உங்கள் பதில் நோட்டீஸ் கிடைத்தது.

இரண்டாவது பத்தியில், பணம் முழுவதும் 25.8.2022 அன்றே கொடுக்கப்பட்டுவிட்டது என்றும், நான் கையெழுத்திட்ட ரசீதே அதற்கு ஆதாரம் என்றும் கண்டிருக்கிறது. மூன்றாவது பத்தியில், கொடுத்த பணத்தையே இரண்டாம் முறை பறிக்கும் தீய நோக்கத்தோடு நான் பொய்யாக நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன் என்று கண்டிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் வக்கீல் கையெழுத்துக்குக் கீழே உங்கள் கையெழுத்து.

சதக் போட்டிருப்பான் என்று முத்தழகு சொன்னாள். பாவம், அவளுக்கு உன் மேல் இன்னும் நம்பிக்கை. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? கடைசி 'ர்' மேல் வரவேண்டிய புள்ளியைக்கூட விடாமல் நிறுத்தி நிதானமாகப் போட்டிருக்கிறாய். யாரும் கையைப் பிடித்து இழுத்ததாகத் தெரியவில்லை.

காசு இல்லை என்று நீ சொல்லியிருந்தால் கஷ்டப்பட்டிருப்பேன். இன்னும் இரண்டு வருஷம் கழித்துத் தருகிறேன் என்றிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பறிக்கப் பார்க்கிறான் என்று சொல்லிவிட்டாய். அந்தத் தாளை முத்தழகு சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். நான் எடுத்து வெளியே வைத்தேன். அது அங்கே இருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமைகளில் நாம் கடலுக்குப் போனது, ஹமீதா பேசி அனுப்பிய கேசட்டில் சேவல் கூவியதற்காக நீ அழுதது எல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது. வரவேண்டாம் என்றாலும் வருகிறது. அதையெல்லாம் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி எழுத மாட்டேன்.

சி. முனியசாமி


பெரியபட்டினம்
11.8.2025

அன்பு மாப்ளைக்கு,

இதைப் பிரிக்காமல் கிழித்துவிடாதே. உன் கடைக்கு இது வேண்டும். முழுசாகப் படி.

அந்தக் கையெழுத்து என்னுடையதுதான். படிக்காமல் போட்டேன் என்று எழுதலாம் என்று ஒரு மாதம் யோசித்தேன். படித்தேன். மூன்றாவது பத்தியையும் படித்தேன். சதக் பேனாவை நீட்டினான், வக்கீல் வெளியே போகும் அவசரத்தில் நின்றார், போட்டுவிட்டேன். அப்போது அது யாரோ இரண்டு கம்பெனிகளின் சண்டை மாதிரி இருந்தது. உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் உன்னைத்தான் சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. 'திரு. பாக்கர் அவர்களுக்கு' என்று நீ எழுதியிருந்தாய். என்னை நீ ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பேங்க் பணம் வந்தது, மாப்ளை. ரசீது கொடுத்த பதினைந்தாம் நாளே வந்தது. அது உன் பணம். அன்றைக்குக் கரண்டு பில் பாக்கிக்காக லைனைத் துண்டிக்க ஆள் வந்து நின்றார்கள். உள்ளே இரண்டு டன் நண்டு. கட்டிவிட்டேன். மிச்சத்தை மீனவர்களுக்கு முன்பணமாகக் கொடுத்தேன். அடுத்த மாதம் உனக்குத் தந்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த மாதம் அடுத்த மாதமாகவே இருந்தது.

இப்போது விஷயம் என்னவென்றால், கம்பெனியைத் தேவிபட்டினத்துக்காரர் ஒருவருக்கு விற்கப் பேச்சு முடிந்துவிட்டது. செப்டம்பர் கடைசியில் பணம் வரும். ஜமாத்தில் உட்கார்ந்து பேசினோம். பேங்குக்குப் போக மிச்சத்தில், எழுத்தில் பாக்கி உள்ளவர்களுக்கு முதலில், அப்புறம் தம்பி போட்ட முதலுக்கு, கடைசியில் மிஞ்சினால் எனக்கு என்று முடிவானது. வாய்க்கணக்கு எடுபடாது என்று சொல்லிவிட்டார்கள். பட்டியல் வாசித்தபோது உன் பேர் வரவில்லை. எழுத்துப்படி நீ வாங்கிக்கொண்டவன். நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மிஞ்சுவதில் ஒரு குட்டியானை வண்டி வாங்கி மீன் ஏற்றலாம் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. உன் பேரைச் சொன்னால் அந்த வண்டி இல்லை.

வெளியே வந்ததும் தம்பி சதக், "காக்கா, 22ஆம் தேதி வரைக்கும் வாயத் தொறக்காம இருங்க. அதுக்கப்புறம் அவுகளால ஒண்ணும் செய்ய ஏலாது" என்றான். அவனைத் திட்டாதே, அவன் போட்டதிலேயே பாதிதான் அவனுக்குத் திரும்பும்.

வீட்டில் ஹமீதாவிடம் இதைச் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "அண்ணே வந்தன்னைக்கி உங்களுக்காக நான் பொய் சொன்னேன். நாக்கு கூசிக்கிட்டே இருக்கு. இன்னொண்ணு என்னால சொல்ல முடியாது. யாராச்சும் வந்து கேட்டா நான் உள்ளதைச் சொல்லிருவேன்" என்றாள். நானும் சொல்லிவிடுகிறேன்.

கீழே இருப்பது உன் வக்கீலுக்கு.

பெரியபட்டினம் பாக்கர் ஆகிய நான் இதனால் ஒப்புக்கொள்வது: ராமநாதபுரம் முனியசாமி என் நண்டுக் கம்பெனிக் குளிரறையில் 22.8.2022 அன்று முடித்துக் கொடுத்த வேலைக்கும் கம்ப்ரசருக்கும் உரிய ரூபாய் நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தில் இன்றுவரை ஒரு ரூபாயும் நான் கொடுக்கவில்லை. 25.8.2022 தேதியிட்ட ரசீது, பேங்கில் காட்டுவதற்காக நான் கேட்டு அவர் எழுதிக் கொடுத்தது. என் பதில் நோட்டீஸில் சொன்னது உண்மை அல்ல. மேற்படி தொகையை அவருக்குக் கொடுக்க நான் கடமைப்பட்டிருக்கிறேன்.
(ஒப்பம்) செ. மு. பாக்கர், 11.8.2025

இதை வைத்து மக்கள் நீதிமன்றத்தில் மனுப் போடு. என் மேல் போடு. தயங்காதே. அங்கே முடிவாவது கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரியே செல்லுமாம், விசாரித்துவிட்டேன். அந்தத் தீர்ப்புத் தாள் இருந்தால் ஜமாத்தில் யாரும் உன்னைத் தள்ள முடியாது. நான் வந்து முதல் நாளே சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறேன். பேங்கில் அந்த ரசீதுக்காக என்னைக் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி எழுதி அடித்துவிட்டேன். நண்பனிடம் கேட்கத் தெரியவில்லை.

பாக்கர்


ராமநாதபுரம்
27.8.2025

மச்சான்,

உன் கடிதத்தைப் பிரித்தேன். கிழிக்கவில்லை. முத்தழகு சத்தமாக வாசிக்கச் சொன்னாள், பாதியில் அவளிடமே நீட்டிவிட்டேன், மிச்சத்தை அவள் வாசித்தாள்.

உமாமகேஸ்வரியிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "இவுக உங்களுக்கு எதிர்த்தரப்பா, சொந்தத் தரப்பாங்கய்யா?" என்றது. ஒப்புதல் தேதி கெடுவுக்குள் இருக்கிறது, இது போதும் என்று சொல்லிவிட்டது. இருபதாம் தேதி மனுக் கொடுத்துவிட்டோம். செப்டம்பர் 13, சனிக்கிழமை மக்கள் நீதிமன்றம். உனக்கு அழைப்பு வரும். இந்தத் தடவை தங்கச்சி பதறாமல் வாங்கட்டும்.

மதுரைக்காரருக்குப் போன் போட்டு விவரம் சொன்னேன். அக்டோபர் பத்து வரை பொறுப்பதாகச் சொன்னார். கருவிகளுக்கு எண்ணெய் போட்டு அடுக்கி வைத்திருக்கிறேன். நேற்று ஒரு ஐஸ் பிளாண்ட் வேலையும் வந்தது. பில்லோடு செக்கும் சேர்த்துக் கேட்டேன். அந்த ஆள் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மூன்றாவது பத்தி எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ ஒப்புக்கொண்டதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது, அடுத்த நிமிஷமே அது ஞாபகம் வந்து கோபம் வருகிறது. நாளாகும். அதை மறைத்துக்கொண்டு உனக்கு எழுத எனக்குத் தெரியாது.

மக்கள் நீதிமன்றத்தில் நம்மை எதிரெதிரே உட்காரவைத்து, சமாதானமாகப் போவதற்காக எவ்வளவு விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று என்னைக் கேட்பார்களாம். பெரும்பாலும் எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்களாம். ஒரு லட்சம் விட்டால் உனக்கு அந்த வண்டிக்கு முன்பணமாகும் என்று முத்தழகு சொன்னாள். மூன்று நாள் யோசித்தேன்.

விட மாட்டேன், மச்சான். ஒரு ரூபாய்கூட விட மாட்டேன். உன்னை எனக்குத் தெரியும். நான் விட்டுக்கொடுத்தால் நீ வாங்கிக்கொள்வாய், அதற்கப்புறம் என் வீட்டு வாசலை மிதிக்க மாட்டாய். எங்கேயாவது பஸ்ஸில் பார்த்தாலும் தலையைக் குனிந்துகொண்டு போவாய். அந்த ஒரு லட்சத்துக்கு உன்னை நான் விற்க முடியாது. முழுசாகக் கேட்பேன். நீ முழுசாகக் கொடு. வண்டிக்கு வேறு வழி பார்ப்போம்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்துவிடு. தங்கச்சியையும் கூட்டி வா. காலைச் சாப்பாடு நம் வீட்டில்தான். கோர்ட்டுக்கு என் வண்டியிலேயே போய்விடலாம்.

முனியசாமி